நல்ல மஞ்சள்

பத்தூமியில் அன்று மழை.
கருங்கடல் ஓரத்தில் என்றும் மழைதான்.

ஜாபாவின் இரத்தத்தில் பத்தொன்பது என்று
தாளில் இருந்தது.
எதில் பத்தொன்பது, எத்தனைக்குப் பத்தொன்பது,
இர்மா கேட்கவில்லை.
இரண்டரை வயதுக்கு அது பெரிய எண் என்று
டாக்டர் பேனாவை மூடிய விதத்தில் தெரிந்தது.

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினால்
அலறலாவது கேட்கும்.
இது கரண்டியில் வந்தது.
ஊதி ஆறவைத்து வந்தது.
'இன்னும் ஒரே வாய்' என்று
விமானமாய்ச் சுற்றிச் சுற்றி வந்தது.

கருவியோடு வந்த பெண்
ஜன்னல் சட்டத்தில் வைத்துப் பார்த்தாள். இல்லை.
குழாய். இல்லை.
பால்கனிக் கம்பியில் உரிந்த பச்சைப் பெயின்ட்:
கொஞ்சம் உண்டு, இவ்வளவுக்கு இல்லை.
மரக்குதிரை, அதன் கடிபட்ட காது. இல்லை.
இர்மா மூச்சு விடப் போனாள்.
அடுப்புக்கு மேலே அது என்ன ஜாடி?

செண்டுமல்லி இதழ் உலர்த்தி இடித்த பொடி.
வால்நட் குழம்புக்கு அதுதான் நிறம்.
சந்தையில் மங்கலாய் ஒன்று, பளீரென்று ஒன்று;
பிள்ளைக்காயிற்றே என்று
காசு கூடக் கொடுத்துப்
பளீரென்றதை வாங்கியிருந்தாள்.

ஜாடியை நெஞ்சோடு அணைத்து
மறுநாள் சந்தைக்கு நடந்தாள்.
வழியெல்லாம் வசவுகளை அடுக்கினாள்.
எதை முதலில் எறிவது என்பதில்தான் குழப்பம்.

தெங்கிஸ் திறந்து மோந்தான்.
'நல்ல சரக்காச்சே.'
தாளை நீட்டினாள்.
வாசித்தான்.
கண்ணாடி மாட்டி மறுபடி வாசித்தான்.
நான் இடிக்கிறவன் இல்லை, மூட்டையாய் வருகிறது,
மங்கலாய் இருந்தால் நீங்களே வாங்குவதில்லையே
என்று தொடங்கியவன்
பாதியில் நின்றான்.

மேசைக்கு அடியில்
காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து
அவன் மகள் நுட்சா
விரலை நக்கிப்
பொடியில் தொட்டுப்
பழைய ரசீதின் பின்புறம்
சூரியன் வரைந்துகொண்டிருந்தாள்.
நக்கி, தொட்டு,
ஒவ்வொரு கதிருக்கும் ஒரு தடவை.

அடுக்கிவைத்த வசவு ஒன்றும்
இர்மாவுக்கு நினைவில் இல்லை.
'சோப்பு இருக்கிறதா' என்றாள்.
குழாய் சந்தையின் மறுகோடியில்.
மழையில் இருவரும் ஓடினார்கள்,
வாய்க்குப் போகாமல்
அந்தக் குட்டி மஞ்சள் கையை
ஆளுக்கொன்றாய்த் தூக்கிப் பிடித்தபடி.

அந்த வாரம் கடையில்
மங்கல் பொடி மட்டும்.
நிறம் பத்தாதே என்று
ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள்.
'பத்தாதுதான்' என்றான் தெங்கிஸ்.

நுட்சாவின் முழங்கை மடிப்பில்
பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.
எண் இன்னும் வரவில்லை.