நாலாவது கப்பல்

குளச்சல் கோயில் திருவிழா, ஒன்பதாம் நாள்.
பாட்டும் வசனமுமாக ஜப்பான் நாடகம்.
பூட்டிக் கிடந்த நாட்டுக்கு அமெரிக்காக்காரன்
பீரங்கியும் கடுதாசியுமாக வந்து
கதவைத் தட்டின கதை.
பெட்ஷீட்டில் கிமோனோ, தும்பில் குடுமி.
சாமுராய் மூன்று பேருக்கும் ஐஸ் பிளான்ட்டில் வேலை.

வசனத்தில் நாலு கருங்கப்பல்.
வசூலான காசுக்கு ப்ளைவுட் மூன்றுக்குத்தான் வந்தது.
"மூணு நிக்கட்டும். நாலுண்ணு சொன்னா
நாலாத் தெரியும்" என்றார் ஆல்பன் சார்.
மூன்றாவதைத் தள்ளுவது நான்,
உள்ளே குனிந்து, சைக்கிள் சக்கரங்களுக்கு நடுவில்,
கறுப்புப் பெயின்ட் வாடையில்.

கப்பலை முதலில் பார்க்கும் வலைக்காரன் வேஷம்
ததேயுவுக்கு.
ஒத்திகையில் சார் சொன்னார்:
"பயந்து கத்தணும். இதுவரை
நீ கப்பலே பார்த்ததில்லை."
அவன் தலையைச் சொறிந்தான்.
"கப்பல எங்க சார் பாக்கது?
ராத்திரி வலை போட்டுக் கெடக்கும்போ
ஒரு பக்கத்து வெள்ளியெல்லாம் அணையும்.
பொறவு தண்ணி தூக்கும். அவ்வளவுதான்."
சார் பேனாவை மூடினார்.
அதற்கு ராகம் போட்டிருக்கவில்லை.

ஐப்பசியில் இவன் தம்பி கிளிட்டஸின் வள்ளத்தை
நடுவில் முறித்துப் போனதற்குக்
காகிதத்தில் ஒரு பெயர் உண்டு:
அடையாளம் தெரியாத கப்பல்.
நாங்கள் யாரும் அதைப் பேசவில்லை.
சுக்குக்காப்பி குடித்தோம்.

திருவிழா இரவு.
கடலுக்கு முதுகு காட்டி
ஊர் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில்.
படுதா விலகியது. டிரம் அதிர்ந்தது. தள்ளினோம்.
"ஒண்ணு" என்றான் ததேயு.
பயந்துதான் சொன்னான், சார் கேட்ட மாதிரியே.
"ரெண்டு."
"மூணு", என் தலைக்கு மேலே.

பிறகு ஒன்றும் இல்லை.
கப்பலுக்குள் குனிந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்?
பலகை இடுக்கில் அவன் கால் மட்டும்,
பெருவிரல் மேடையை அழுத்திக்கொண்டு.
கீபோர்டு பெனட்டன் ஒரே கட்டையில்
விரலை எடுக்காமல் காத்திருந்தான்.
அப்புறம் நாற்காலிகள் கிரீச்சிட்டன,
ஒன்று, பத்து, எண்ணத் தொலையாமல்.
ஊரே திரும்புகிற சத்தம்.

பின்னால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.
அவன் கையை நீட்டியது தலைகளையெல்லாம் தாண்டி,
கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில்
மெல்ல மேற்கே நகர்ந்த
ஒரு மஞ்சள் வெளிச்சத்துக்கு.
"நாலு" என்று சொன்னதாகச் சிலர்.
வாயே திறக்கவில்லை என்கிறார் சார்.

அடுத்த பாட்டு அமெரிக்காக்காரனுடையது.
ஒட்டின மீசையோடு மார்செலின்
படுதா ஓரத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்தவன்
அப்படியே நின்றுவிட்டான்.
பார்க்க ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.
கொஞ்ச நேரம்
ஜப்பான் பூட்டியே கிடந்தது.