பதினேழாம் மீட்டர்

விலையைச் சொல்லக் கூடாது.
'புதுமை' என்ற சொல் வாயில் வரவே கூடாது.
வல்பரைசோவின் செங்குத்துப் படிகளில்
மூச்சு வாங்க ஒத்திகை பார்த்தபடி ஏறினேன்.

வியாழன் இரவு, கடைசி வண்டி நின்றபின்,
மலையேறும் இழுவை ரயிலின் இயந்திர அறையில்
மெக்கானிக்குகள் கூடுவார்கள்.
கிரீஸ் வாடை. அவகாடோ தடவிய ரொட்டி.
ஏழு பேருக்கு ஒரே ஒரு நாற்காலி.

பெட்டியை மேசைமேல் வைத்தேன், சோப்புக்கட்டி அளவு.
ஓடும் கம்பிவடத்தை ஒட்டி நின்று
உள்ளே இழை அறுகிற ஓசையை அது கேட்கும்.
கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று
இவர்கள் சொல்வதற்குமுன்
குஞ்சின் ஊனத்திலிருந்தே தொடங்கினேன்:
"மழையில் பொய் சொல்லும்.
மூடுபனியில் மறந்துபோகும்.
விற்க வரவில்லை நான்,
குறை கேட்கத்தான்..."

எலியேசர் மெல்வதை நிறுத்தவில்லை.
"போன வருஷம் வந்தவன் கோட்டு போட்டிருந்தான்,
நீ பழைய ஸ்வெட்டர்.
அவன் மார்தட்டினான்,
நீ கைகட்டி நிற்கிறாய்.
சரக்கு மேசைமேல்தானே இருக்கிறது?"

சிரித்தார்கள்.
காதுமடல் சுட்டது.
அந்த ஸ்வெட்டரை
நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துத்தான் போட்டிருந்தேன்.

"சரியாக வந்தால் விற்பேன்," என்றேன்.
"எவ்வளவுக்கு?"
சொன்னேன்.
ரோசாமெல் நீளமாக விசிலடித்தான்.

நாற்காலிக்காரர் நிபால்டோ எழுந்தார்.
ஆணியில் தொங்கிய கந்தல் துணியை எடுத்து
வடத்தைச் சுற்றி லேசாகப் பிடித்தார்.
ரோசாமெல் சக்கரத்தை மெல்ல உருட்ட,
துணிக்குள் வழுக்கி வழுக்கி வந்த வடம்
பதினேழாம் மீட்டரில்
வெடுக்கென்று ஒரு நூலைப் பிடுங்கியது.
மீசைமுடி போல ஓர் அறுந்த கம்பி.
"இதுக்கு பேட்டரி வேண்டாம்," என்றார்.

அதே இடம் என் பெட்டியையும் கடந்தது.
பச்சை விளக்கு.
மறுபடி உருட்டினார்கள்.
பச்சை.

நாக்கு நுனியில் பதில் இருந்தது:
வெளியிழைக்கு அல்ல இது, துணி எட்டாத உள்ளிழைக்கு.
உண்மைதான்.
அந்த நிமிஷத்தில் அது விளம்பரமும்தான்.
விழுங்கினேன்.
ஒத்திகையில் இல்லாத ஒன்று வாயில் வந்தது:
"சிக்குவதற்குமுன் கைக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்றார் நிபால்டோ.
தெரியாது, கிழவன் கதைவிடுகிறான் என்றார் எலியேசர்.
ஒரு சூடு வரும் என்றான் மூலையிலிருந்த ஒருவன்.
சூடு இல்லை, ஒரு நடுக்கம்.
நடுக்கம் உன் கையில்.
குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.
யாரோ துணியை என்னிடம் திணித்தார்கள்.
இழுத்துப் பார்த்தேன்; கம்பி குத்தியது.
மின்சார பில்லின் பின்பக்கம் முழுக்க எழுதினேன்,
ஓரத்தில் கொஞ்சம் ரத்தத்தோடு.

தேடியபோது
பெட்டியின் மேல் தேநீர்க் கோப்பை இருந்தது.
எடுக்கப் போனேன்.

"கிடக்கட்டும் யஸ்னா," என்றார் எலியேசர்.
"சனிக்கிழமை மழையாம்.
எப்படிப் பொய் சொல்கிறது என்று பார்ப்போம்."