வரிக்கு முப்பத்தைந்து

பீஷான், பத்தாவது மாடி. டிசம்பர் மழை விட்டபாடில்லை.
திரையில் மட்டும் வெண்பனி.
பஞ்சும் கம்பளியும் திணித்துத் தைத்த மிருகங்கள்
கால்வாய்க் கரையில் மேசை போட்டு
நாலு மணித் தேநீர் குடிக்கின்றன.
நூறு வருடத்துக்கு முன் ஏதோ ஓர் ஆங்கிலக் கிராமத்தில்
பாதிரியாரின் தங்கை எழுதிய கதையாம்.
இப்போது பதின்மூன்று பாகம், தொலைக்காட்சிக்கு.
அதன் காலடியில் தமிழ் போடுவது என் வேலை.

இரண்டு வரி. வரிக்கு முப்பத்தைந்து எழுத்து.
கொம்பும் புள்ளியும் கணக்கில் சேருமா என்று
பதினோரு வருடமாகக் கேட்கிறேன்.
ஆளுக்கொரு பதில்.

லேஸ் தொப்பி வைத்த அம்மாள் ஒரு மூஞ்சூறு.
எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு:
முதுகில் யாருமில்லாத மூஞ்சூறு,
தொப்பையைச் சுமந்த களைப்பே இல்லாமல்
கோப்பையில் சர்க்கரை கலக்குகிறது.
ஸ்கோனை ஸ்கோன் என்றே விட்டிருந்தேன்.
"பிள்ளைகளுக்குப் புரியுமா?" சரிபார்க்கும் சபூரா,
எப்போதும் போல் பென்சிலில்.
பன் என்று மாற்றினேன். "பன் இல்லையே அது."
கடைசியில் ரொட்டி.
ரொட்டி எல்லாவற்றையும் மன்னிக்கும்.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது.
ஆங்கிலத்தில் எதிரே நிற்பவர் யாரானாலும் ஒரே சொல்.
ராணிக்கும் அதுதான்,
ராத்திரி ஜன்னல் ஏறிய திருடனுக்கும் அதுதான்.
தமிழில் வாய் திறக்குமுன்
வயது கேட்க வேண்டும், உறவு கேட்க வேண்டும்.
மதகு காக்கும் நீர்நாய்க்கு என்ன வயது?
மூஞ்சூறம்மாவுக்கு மூத்தவரா, இளையவரா?
கைவைக்காத கோட்டின் பித்தளைப் பொத்தானை
எத்தனை முறை நிறுத்திப் பார்த்தும் தெரியவில்லை.
எட்டுப் பாகம்வரை நீங்கள், நீங்கள் என்றே
இருவரையும் எதிரெதிர் நாற்காலியில் வைத்திருந்தேன்.

ஒன்பதில் வெள்ளம்.
மேசை மிதக்கிறது, தொப்பி போய்விட்டது,
அம்மாள் ஒரு கிளையில் தொங்குகிறாள்.
இருட்டில் நீந்தி வருகிறது நீர்நாய். கோட்டு இல்லை.
வாகனம் வாகனம் ஏறுகிறது.
ஈர முதுகில் முகம் புதைத்து அவள் சொல்வது
மூலத்தில் இரண்டே சொல்.
கை தானாக அடித்தது:
நீ வந்துட்டே.

சபூரா பென்சிலை விட்டுவிட்டுப் போனில் வந்தார்.
"எட்டில் நீங்கள். ஒன்பதில் நீ.
எந்த இடத்தில் மாறியது?"
"தண்ணீரில்," என்றேன்.
அவர் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"சரி. அப்படியே இருக்கட்டும்.
பத்தாம் பாகத்தில் மறந்துபோய்
நீங்களுக்குத் திரும்பிவிடாதீர்கள்."

விடிந்தபின் மழை நின்றது.
பூங்காவில் காலாங் ஆறு பால் குறைந்த தே போல ஓடியது.
புல்லில் ஏழு நீர்நாய்கள்.
ஓட வந்தவர்கள் ஓடாமல் போனைத் தூக்கி நின்றார்கள்.
சைக்கிளில் வந்த சீன அங்கிள் இறங்கி வழிவிட்டார்.
பெரியது ஒன்று மீனைத் தலையிலிருந்து தொடங்கியது,
முள் நொறுங்கும் சத்தம் பாலம்வரை கேட்டது.
பொத்தான் இல்லை, தேநீர் இல்லை,
யாரையும் நீங்கள் என்று அழைக்கும் உத்தேசம்
அதன் முகத்தில் இல்லவே இல்லை.

பையில் போன் அதிர்ந்தது. சபூரா.
"உன் வீட்டுப் பக்கம் நீர்நாய் வந்திருக்காமே,
பார்த்தியா?"

மூன்று முறை படித்தேன்.
அவசரத்தில் விழுந்த பிழையோ என்று
சரிபார்க்கிறவரையே சரிபார்த்தேன்.
"பார்த்தேன்" என்று அனுப்பினேன்.
நல்ல சொல் அது.
எதிரே இருப்பவர் யாரென்று கேட்காது.

ஏழும் வரிசையாக ஆற்றில் இறங்கின.
கடைசி வால் மறைந்தபின் இன்னொன்று அனுப்பினேன்:
"நீ?"

ஓரெழுத்து, ஒரு கேள்விக்குறி.
முப்பத்துமூன்று மிச்சம்.