தகரம்

கோழிவிளை முகாமின் கூடத்தில்
பச்சைத் துணி விரித்த மேசை,
வேகவைத்த வாய்க்கண்ணாடிகள் இருபது.
கூரைத் தகரம் வெயிலில் டப்பென்று விரியும்போதெல்லாம்
வரிசை ஒருமுறை தலை தூக்கும்.

மரியசெலின் குரூஸ், வயது அறுபத்தொன்று, வீடு பதினேழு.
திறப்பதற்கு முன்பே வாயைக் கையால் பொத்தி
"மணக்கும் பிள்ளை, முகத்தைத் திருப்பும்" என்றாள்.
ஆறு மாதமாய்க் கொடுப்புப்பல் நோவாம்.
கிராம்பு வைத்தாளாம். பிறகு பேரனின் பீஸ் வந்துவிட்டதாம்.

அவளுக்குக் கொடுப்புப்பல்.
எங்கள் ஊரில் அணப்பல்லு.
அட்டையில் முப்பத்தாறு.
எப்படிச் சொன்னாலும் அங்கே ஒரு குழி.

இல்லாத பல்லுக்குப் பெருக்கல் குறி,
பக்கத்தில் காரணம்:
சொத்தை, ஈறு, விபத்து, பிற.

இருபத்து நான்கு?
"தங்கம் கட்டின பல். ஓட்டிக்குக் குடுத்தன்."
உறையை மட்டும்தானே?
"கழட்ட எங்க நேரம்? விடியப்போகுது எண்டு
அவன் அவதிப்பட்டவன்."
பிற.

முன்பல் இரண்டும்?
"மண்டபத்தில, பைப்படியில, குடம் பட்டது.
அதுமட்டும்தான் பிள்ளை விபத்து."

மிச்சம் இருந்தவை மட்டமாய்த் தேய்ந்திருந்தன.
"நித்திரையில நெருமுறனாம்.
பக்கத்து வீட்டுக்கும் கேக்குமாம்.
நடுவில ஒரு பலகைதானே."
என்ன கனவு என்று அட்டை கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்து செட் கட்ட வேண்டும்.
மார்த்தாண்டம் போய், மாறி, குலசேகரம்.
முதல் திங்கள் வரவில்லை: பதிவு நாள், கையெழுத்து.
அடுத்த திங்கள் மழை.
லேப் அலமாரியில் அவள் வாய் சுண்ணாம்பு வெள்ளையாய்க் காத்திருந்தது,
குளச்சலுக்கும் திருவட்டாறுக்கும் இடையில்.
மற்ற அச்சுகளின் அடியில் பென்சிலில் ஊர்ப்பெயர்.
அவளுடையதில் "முகாம் 17".
எழுதியது நான்தான்.

பல்செட்டைப் பொருத்தியதும் பேசவைக்க வேண்டும்.
மேல்பல்லின் பின்புறத்தை நாக்கு தொட்டால்தான் தகரம்.
பல் போனவர் வாயில்
முதலில் குழைவது அந்த எழுத்து.
"ஏதாவது சொல்லுங்கம்மா, த வருகிற மாதிரி."
தண்ணீர் என்பாள், தம்பி என்பாள் என்று நினைத்தேன்.

"விடத்தல்தீவு."

முதல் தடவை வெறும் காற்று.
இரண்டாவதில் நாக்கு பல்லைத் தேடியது.
மூன்றாவதில்
அடுத்த நாற்காலியில் வாய் திறந்து கிடந்த ஆள்
வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"எங்கயாவது குத்துதாம்மா?"
"இடப்பக்கம். கொஞ்சம்."
கழற்றி வாங்கி,
குத்திய இடத்தில் மைப்புள்ளி வைத்து ராவினேன்.
கையுறையெல்லாம் ரோஸ் நிறத் தூள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
வாயைப் பொத்தாமல்:
"அஞ்சுக்கு முதல் முகாமில நிக்கோணும் பிள்ளை.
கெதியாப் பாரும்."