தாங்கும் எடை

நாற்பது டன் பிளாக்கை
நாலு ஷாக்கிளில் மாட்டி
நூல் பிசகாமல் இறக்க வைக்கிறவன்,
துவாஸ் தங்குவிடுதி ஆறாம் மாடியில்
இரும்புக் கட்டிலின் கால்மாட்டில்
கைத்தராசுக் கொக்கியில் ஒரு பையைத் தொங்கவிட்டு
மூச்சடக்கி நிற்கிறேன்.

எட்டு கிலோ நானூறு.

மலிவு டிக்கெட்.
கையில் ஏழு கிலோ. அவ்வளவுதான்.
விமானத்தின் வயிற்றிலும் எனக்கு இடமில்லை
என் வயிற்றுக்கும் அங்கே ஒன்றுமில்லை.
நீளம் ஐம்பத்து நாலு, அகலம் முப்பத்தெட்டு,
கனம் இருபத்து மூன்று.
சவரிமுத்து படித்துவிட்டுச் சொன்னான்:
ஓர் எறும்பு மீசையை நீட்டினாலும் காசு கேப்பான்டா.

மைலோ பொட்டலம். எடு.
கோடாலித் தைலம் ஆறு,
எல்லாம் நூறு மில்லிக்குள் அடங்கிய
சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தைலம். இருக்கட்டும்.
சோப்பு எட்டு. ஐந்து போதும்.
முஸ்தபாவில் அரை மணி நேரம் தேர்ந்தெடுத்த டார்ச்
நாளைக்கு இங்கேயே எரியட்டும்.

ஆளாளுக்கு வருகிறார்கள்
'சின்னப் பார்சல்தாண்ணே' என்று.
சின்னது என்று சொல்கிற ஒருவனும்
தராசைப் பார்ப்பதில்லை.
தவசியப்பன் மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.
முனை இருக்கிற காம்பஸை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்,
வட்டம் போட ஊரில் கிடைக்கும்.
ரஃபிகுலுக்குத் திருச்சியில் யாருமில்லை,
இருந்தும் வந்து நின்றான்,
ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து
'பாலோ, பாலோ' என்று தலையாட்டிவிட்டுப்
பல் விளக்கப் போனான்.

ரெண்டு பேன்ட், மூன்று சட்டை உடம்பில் போகும்.
சேஃப்டி ஷூ ஒன்றரை கிலோ, காலில் போகும்.
மனிதனை யாரும் நிறுப்பதில்லை.

ஏழு கிலோ ஐம்பது.
இன்னொரு சோப்பைத் தலையணைக்கடியில் தள்ளினேன்.
ஆறு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.
மூச்சு விட்டேன்.

அப்போது குணாளன் வந்தான்.
வலது கை பாக்கெட்டுக்குள்.
இடது கையில் ஒரு காகித உறை,
அதற்குள் ஒரு வட்டத் தகடு.

எக்ஸ்ரே, என்றான்.
தஞ்சாவூரில் மச்சினன் வாங்கிக்குவான்,
எலும்பு டாக்டர் கேட்டாராம்.
மடக்காம கொண்டு போ.
வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.

பழக்கதோஷம். அதையும் கொக்கியில் மாட்டினேன்.
சுழியம்.
மறுபடி மாட்டினேன்.
சுழியம்.

தினமும் காலை ஏழரைக்கு, வேலைக்கு முன்
வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன்:
சுமைக்கு எடை உண்டு,
கயிற்றுக்கு எடை உண்டு,
கொக்கிக்கும் தனியாக எடை உண்டு,
காற்று அடித்தால் அதையும் கணக்கில் சேர்.

மார்ச் மாதம், மழை விட்ட பிற்பகல்,
மூன்றாம் பெர்த்.
சுட்டுவிரலைக் கீழே நீட்டி
மெல்ல வட்டமிட்டுக் காட்டியவன் நான்.
அவன் கை அப்போது எங்கே இருந்தது என்று
விசாரணையில் மூன்று முறை கேட்டார்கள்.
குணாளன் ஒரு முறையும் கேட்டதில்லை.
இப்போதும் கேட்கவில்லை.
தராசைப் பார்த்துவிட்டு,
'எடையே இல்லல்ல?' என்றான்,
எனக்குச் சிரமம் கொடுக்கவில்லை என்கிற நிம்மதியோடு.

பையை முழுக்கக் கொட்டினேன்.
உடம்பில் போட வைத்திருந்த சட்டைகளில் ஒன்றை எடுத்து
உறையைச் சுற்றினேன்.
துண்டுக்கும் தைலத்துக்கும் நடுவே,
முதுகோடு ஒட்டும் பக்கமாக வைத்தேன்.
சட்டைக்கு ஈடாக
இன்னும் ரெண்டு சோப்பு வெளியே.

சாங்கி. விடியற்காலை நாலரை.
அத்தனை குளிரிலும் ரெண்டு சட்டைக்குள் வேர்க்கிறது.
கவுன்டர்ப் பெண் பையை வைத்தாள்,
எண்ணைப் பார்த்தாள்,
அட்டையைக் கட்டிக்கொண்டே
ஆயிரம் பேரிடம் கேட்டுத் தேய்ந்த குரலில் கேட்டாள்:
நீங்களே அடுக்கிய பைதானே?
வேறு யாராவது
எதையாவது கொடுத்தனுப்பினார்களா?

இல்லை என்றேன்.

பையின் வாரைப் பிடித்தேன்.
தூக்குவதற்கு முன்,
கை தானாக நிற்க,
தலையை அண்ணாந்து பார்த்தேன்
கொக்கி எங்கே என்று.