புகைபோக்கி

மூன்று மெழுகுத்திரி வாங்கினேன்.
ஒன்று மால்காஸுக்கு.
மற்ற இரண்டும் உன்னோடு சண்டை பிடிக்க.
சில்லறை இல்லையென்று
திரி விற்கிற பெண் ஒரு தீப்பெட்டியை நீட்டினாள்.

ஜார்ஜ் புனிதரின் குதிரைக் குளம்புக்குக் கீழே நின்று
நான் கேட்டது இதுதான்:
எல்லாம் பார்க்கிறவன் என்கிறார்களே,
ஏப்ரலில் அந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை
சுள்ளி சுள்ளியாய்ச் சுமந்துபோய்
என் கூரைக் குழாய்க்குள் போட்டதைப்
பார்த்தாயா, இல்லையா?
பார்த்துவிட்டுமா சும்மா இருந்தாய்?
வசந்தம் வந்தால் ரியோனி ஆற்றையே
புரட்டிப் போடுகிறவனுக்கு
ஒரு பறவையை விரட்ட
ஒரு வாய்க் காற்று கிடைக்கவில்லையா?

பதில் இல்லை.
மெழுகு சொட்டி விரல் சுட்டது.

குத்தாயிஸியிலிருந்து கடைசி வண்டியில் வந்தான் தம்பி.
ராச்சா மலை முழுக்கப் பனி. திரும்பிப் போகச் சாலை இல்லை.
பின்னறை அடுப்பை நான்தான் மூட்டினேன்,
போன குளிருக்குப் பிறகு முதல் தடவையாக.
நல்ல ஓக் விறகு. நிறையப் போட்டேன்.
"அண்ணா, கொஞ்சம் புகையுதே" என்றான்.
"ஜன்னலைத் திறக்காதே, சூடு போயிடும்" என்றேன்.

காலையில் எட்டிப் பார்த்தபோது
கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது.
அசந்து தூங்குகிறான் என்று
சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

ஜன்னல் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.
போலீஸ்காரர் எழுதிக்கொண்டபோதும்.
லமாராவிடமும்.

இழவு விருந்தில் நாற்பது பேர்.
ஒவ்வொருவரும் ரொட்டியில் ஒயின் துளி விட்டு
ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்:
கடவுள் அழைத்துக்கொண்டார்.
பக்கத்து வீட்டு சியாலா
பீன்ஸ் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தியபடி,
"நல்லவர்களைத்தான் சீக்கிரம் எடுக்கிறான்" என்றாள்.
நானும் தலையாட்டினேன்.
எவ்வளவு வசதியாக இருந்தது!
நாற்பது பேர் சேர்ந்து ஒரு பிணத்தைத் தூக்கி
உன் வாசலில் வைத்துவிட்டுக்
கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தோம்.

ஆனால் காக்கையைப் பார்த்தது
நீ மட்டுமல்ல.
முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன் நான்.
"பாரேன், குடக்கூலி தராத ஆள் வந்தாச்சு" என்று
லமாராவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன்.
குஞ்சு பறக்கட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றாள்.
ஜூனில் பறந்தது.
ஜூலையில் புல்லறுப்பு.
செப்டம்பரில் ஏணி சியாலா வீட்டில்.
அக்டோபரில் திராட்சை.
நவம்பரில்
நவம்பரில் ஒன்றுமில்லை.
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஏறினேன்.
கூரைத் தகரத்தில் பனி வழுக்கியது.
கை நுழைத்து இழுக்க இழுக்க
சுள்ளி, குதிரைமயிர், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்,
என் பழைய கையுறையிலிருந்து ஒரு பச்சை நூல்.
அரை மூட்டை தேறியது.
அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
அரை மணி நேரம்.

மன்னிப்பு கேட்க வரவில்லை.
அதற்கு இன்னும் வாய் வரவில்லை.
திட்டியதையும் திருப்பி வாங்கப் போவதில்லை.
ரோஜா நிறக் கன்னத்தைப் பற்றி
என்றைக்காவது நீ எனக்குச் சொல்லியாக வேண்டும்.
ஆனால் அந்த ஜன்னல் என்னுடையது.
அதை உன் பெயரில் எழுத
சியாலாவையும் விடமாட்டேன்,
என்னையும் விடமாட்டேன்.

மூன்று திரியின் புகையும்
நேராக மேலே போகிறது,
கோபுரத்தின் சின்னத் துவாரம் வழியே வெளியே.
யாரோ ஏணி போட்டு ஏறித்
துடைத்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே காரில் லமாரா.
குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறாள்.
தட்டுகிறேன்.