எழுத்து மாதிரி

இரவு பதினொன்று நாற்பது. பைன் பிளஃப். மழை.
காகித ஆலையின் வெந்த முட்டைகோஸ் நாற்றம்
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது
ஃபீஸ் கட்டிய கட்சிக்காரர் மாதிரி.

பெயர்: அர்டித் கால்வின்.
பதவி: முதுநிலை வழக்கறிஞர், குடிமை உரிமைகள்.
லிட்டில் ராக்கில், ஒரு செருப்புக்கடை மாடியில்,
ஏழு பேர் நடத்தும் அறக்கட்டளை.
அனுபவம்: பதினாறு வருடம்.
யாருக்காக என்று அந்தக் கட்டத்தில் கேட்கவில்லை.
அப்பாடா என்றிருந்தது.
அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தார்கள்.

கவுண்டிக்காக.
சிறைக் காவலர்களுக்காக, ஷெரிஃபுக்காக,
இரண்டு தடவை ஷெரிஃபின் நாய்க்காகவும்.

சம்பள எதிர்பார்ப்பு?
கென்னார்ட் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறான்:
"இப்போ வாங்குறதுல பாதியா? கூரை ஒழுகுது, அர்டித்."
ஒழுகுகிறதுதான். கூடத்தில் ஒரு வாளி
சொட்டுக்குச் சொட்டு கணக்கு வைத்திருக்கிறது.
பாதி என்றே நிரப்புகிறேன்.

பிறகு வருகிறது அது:
உங்கள் எழுத்தின் மிகச் சிறந்த மாதிரியை இணைக்கவும்,
இருபது பக்கத்துக்கு மிகாமல்.

தேட வேண்டியதில்லை, எந்தக் கோப்பென்று விரலுக்குத் தெரியும்.
ஓசெல்லா பிரூயிட் எதிர் ஷெரிஃப், மற்றும் இருவர்.
மகன் ரோடெல். இருபத்து மூன்று வயது.
கட்டாத அபராதத்துக்கு நாலு நாள் காவல், ஜூலையில்.
உள்ளே விடும்போது இன்ஹேலரை வாங்கிப்
பழுப்பு உறையில் போட்டு, எண் எழுதி,
அவனிடமே கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.
எல்லாம் முறைப்படி. நானும் அதைத்தான் சொன்னேன்.

பதினான்காம் பக்கம், இரண்டாம் பத்தி:
"மூச்சுத் திணறும் கைதி கதவைத் தட்டினால்
இத்தனை நிமிடத்துக்குள் திறக்க வேண்டுமென்பது
தெளிவாக நிறுவப்பட்ட உரிமை அல்ல."
என்ன ஒரு வாக்கியம்.
ஒரு சொல் கூட்ட முடியாது, ஒரு சொல் உருவ முடியாது.
நீதிபதி அப்படியே தீர்ப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டார்
மேற்கோள் குறிகூட இல்லாமல்.
அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.
எலுமிச்சை கேக். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வாக்குமூலம் எடுத்த அன்று
ஓசெல்லாவை நாலு மணி நேரம் கேட்டேன்:
மகன் சிகரெட் பிடிப்பானா, எத்தனை, யாரோடு,
கடைசியாக எப்போது பேசினீர்கள்.
அவர் கை நீட்டினார். டிஷ்யூ பெட்டி
என் பக்கம் இருந்தது.
நான் அதைத் தள்ள எவ்வளவு நேரம் ஆனதோ,
சுருக்கெழுத்தர் "நிறுத்தம்" என்று மட்டும் பதிந்திருக்கிறார்.
பக்கம் அறுபத்தொன்று.

அவருக்காக வாதாடியவர் வெண்டல் ஆக்ஸ்லி,
முழங்கை தேய்ந்த கோட்டு.
இந்த ஏழு பேரில் மூத்தவர்.
இதை முதலில் படிக்கப் போவதும் அவர்தான்.

வேறு மாதிரிகளும் உண்டு.
சாக்கடை வரி பற்றி ஒன்று, யாருக்கும் வலிக்காதது.
அதை இணைத்தேன். எடுத்தேன். மறுபடி இணைத்தேன்.
கென்னார்ட் வாளியைக் கொட்டி வைத்துவிட்டுப்
படுக்கப் போய்விட்டான்.

மனம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்.
மனசாட்சி என்றால் அதுவும் முழு உண்மையில்லை.
நடந்தது இவ்வளவுதான்:
போன மார்ச்சில் பக்கத்துக் கவுண்டியின் புது வக்கீல் பையன்
என் வாக்கியத்தை இன்னொரு சாவுக்கு எடுத்தாண்டிருந்தான்.
நன்றி என்று மின்னஞ்சலும் அனுப்பியிருந்தான்.
இனி அது என்னைக் கேட்காமலே
வேலைக்குப் போய் வரும்.

அதன் எந்தச் சொல்லில் ஆணி ஆடுகிறதென்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
இதை முகப்புக் கடிதத்தில் எழுதினேன்.
பீற்றல் மாதிரி இருந்தது, அழித்தேன்.
மன்னிப்பு மாதிரி இருந்த இரண்டு வரியையும் அழித்தேன்,
அது வெண்டலிடம் கேட்க வேண்டியது அல்ல.

பிரூயிட் மனுவை இணைத்தேன். பதினெட்டுப் பக்கமும்.

கடைசிக் கட்டம், விருப்பமிருந்தால் நிரப்பலாம்:
எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?
நண்பர், செய்தித்தாள், பொதுக்கூட்டம், பிற.
பிற என்பதைத் தொட்டதும் ஒரு சின்னக் கோடு திறக்கிறது.
எதிர் மேசையிலிருந்து, என்று தட்டுகிறேன்.

மணி ஒன்று இருபது.
வாளியில் சொட்டும் சத்தம் மாறிவிட்டது,
விளிம்புக்கு வந்திருக்கும்.
முதலில் அதைக் கொட்டிவிட்டு வரவேண்டும்.